பெயர் சொல்லக் கூடாத இடம்

இந்த நகரத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை நான் போய் உட்காரும் ஓர் அறையில் எனக்கு அப்பா பெயர் கிடையாது. தோட்டம் கிடையாது, லயம் என்ற வரிசை வீடு கிடையாது, யாருடைய மருமகன் என்ற விபரமும் கிடையாது. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை அது. பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். மூலையில் பெரிய பாத்திரம் ஒன்றில் கோப்பி கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் கோப்பி என்று அவர்கள் சொல்கிறார்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவன் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. குடியை விட்டவர்களும் விட்டுவிட முயல்கிறவர்களும் அங்கே கூடுகிறார்கள். நான் இரண்டாவது வகை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் உச்சுக் கொட்டலாம். கனடாவில் இருந்து வாசிக்கும் நம்மவர்கள் இது யார், எந்தத் தெருவில் இருக்கிறான் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். ராமையாதான். நானேதான்.

முதல் நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வட்டத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் என் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. பதினைந்து வயதில் இருந்து தினமும் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளையிடம் பெயர் கொடுத்து வேலைக்குப் போன உடம்பு இது. தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ராமையா, தகப்பன் பெயர் வீரன், கீழ்ப்பிரிவு, ஐந்தாம் நம்பர் லயம், நான்காம் நம்பர் அறை, சம்பளப் பதிவான செக்ரோலில் நம்பர் இன்னது என்று ஒப்புவித்துவிட்டு, யாராவது புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள் என்று காத்து நின்றேன். யாரும் குறிக்கவில்லை. அந்தக் கூட்டத்தை நடத்துபவர் மார்கரெட், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் மெல்லிய குரலில், "முதல் பெயர் போதும். அந்த நம்பர்கள் இனி உங்களுக்குத் தேவையில்லை" என்றார். பக்கத்தில் இருந்த டக் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். எல்லோரும் என்னிடம் தனி அன்போடு நடந்துகொண்டார்கள். லைன், அறை, நம்பர் என்று நான் அடுக்கியதைக் கேட்டு, நெடுங்காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன் என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மறுக்கப் போனேன். பன்னிரண்டு அறை, ஒரே கூரை, ஒரே தண்ணீர்ப் பீலி, காலையில் வரிசை, மாலையில் கணக்கு என்று விளக்க விளக்க டக்கின் கண் கலங்கிப்போயிற்று. பிறகு விட்டுவிட்டேன்.

அந்த அறையின் பெரிய சட்டம், யார் வந்தார், என்ன பேசினார் என்பது கதவைத் தாண்டக் கூடாது. குடும்பப் பெயர் கேட்கக் கூடாது. வெளியே கண்டால் காட்டிக்கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை பகல் கடைத்தெருவில் நான் செய்த வேலை இருக்கிறதே! காய்கறி அடுக்கியிருந்த பக்கம் டக் நின்றுகொண்டிருந்தான். தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில், இரண்டு வரிசைக்கு அப்பால் இருந்தே, "டக்! இந்த வாரம் குடிக்கவில்லையே?" என்று கூப்பிட்டேன். எங்கள் லயத்தில் இதற்குப் பெயர் சுகம் விசாரிப்பது. டக் கையில் எடுத்த முட்டைக்கோவாவைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தான். அவன் பக்கத்தில் நின்ற பெண் அவனுடைய மேலதிகாரியாம். அடுத்த கூட்டத்தில் மார்கரெட் அந்தச் சட்டத்தைப் பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல என்னைப் பார்த்தே ஒரு தடவை விளக்கினார். எனக்குக் கோபம் வந்தது. ஒருவனைக் காப்பாற்றுவதென்றால் அவனை ஊருக்கே தெரிய வேண்டாமா? தெரியாத ஆளை யார் பிடித்து நிறுத்துவது? நான் ஒரு முறை குடியை விட்டவன். எப்படி விட்டேன் என்றால், நானாக விடவில்லை. ஐந்தாம் நம்பர் லயம் விடவைத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் பகுதியில் எனக்கு வேலை. மாலையானால் கள்ளுத் தவறணை. தவறணைக்குப் போக முடியாவிட்டால் மேல்மலைப் பிச்சமுத்து புல்லுக்காட்டுக்குள் காய்ச்சும் கசிப்புச் சாராயம். வீட்டில் மனைவி செல்லம்மாவும் மூன்று வயது மகள் ஈஸ்வரியும். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி என் மாமனார் குடும்பத்துக்கு இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே போட்ட விண்ணப்பம் என்பதால் செல்லம்மாவின் பெயரும் அதில் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. தகரப்பெட்டியை எடுத்துத் துடைத்து, தன்னுடைய சேலைகளையும் பிள்ளையின் சட்டைகளையும் அடுக்கி, காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறையின் மூலையில் வைத்தாள். "என்னாங்க, அப்பாவுக்குக் கப்பல் நாளு வரட்டும். அதுவரைக்கும் பாப்பேன்" என்று மட்டும் சொன்னாள். பெட்டி அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் என் கால் அதில்தான் இடிபட்டது.

மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த வருடம் நான் கரகம் எடுக்க வேண்டும் என்று லயத்துப் பெண்கள் தீர்மானித்தார்கள். மூன்றாம் நம்பர் காத்தாயி அக்கா அதற்குத் தலைமை. கரகம் எடுப்பவனுக்கு மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டுவார்கள். காப்பு இருக்கும்வரை குடி கூடாது, கறி கூடாது, தோட்டத்தைவிட்டு வெளியே தங்கக் கூடாது. ஒன்பது நாள்தானே என்று நானும் கையை நீட்டினேன். ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பத்தாம் நாள் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு முடிந்து எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். என் முறை வந்தபோது பூசாரி கருப்பையா அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒனக்கு இன்னக்கி அவுக்க முடியாதுப்பா. ஏழாம் நம்பர்ல இப்பத்தான் பிள்ள பொறந்திருக்கு. தீட்டு."

"ஏழாம் நம்பருக்கும் எனக்கும் என்னாண்ணே ஒறவு? மத்தவங்களுக்கெல்லாம் அவுத்தீங்க?"

"அவங்கெல்லாம் வேற லயம். ஒங்க லயம் முழுக்க ஒரே கூரைதானே? கூரைக்குக் கீழ தீட்டுன்னா பன்னெண்டு காம்பராவுக்கும் தீட்டு. பதினாறு நாள் பொறு."

பதினாறு நாள் பொறுத்தேன். பதினைந்தாம் நாள் பதினொன்றாம் நம்பரில் ஒரு பெண் பிள்ளை பெரியவளானாள். அதற்குப் பதினாறு நாள். அது முடிவதற்குள் இரண்டாம் நம்பர்க் கிழவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பதினாறு. பன்னிரண்டு அறையில் எழுபது பேர் இருக்கிற இடத்தில் பிறப்பும் இறப்பும் சடங்கும் இல்லாத பதினாறு நாளை நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். நான் ஸ்டோரில் இருந்து வந்தால் முதல் வேலையாக எந்தக் காம்பராவில் யார் முனகுகிறார்கள் என்று காதைக் கொடுப்பேன். லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் நூறு வயது என்பார்கள். அதே வசதி அவர்களுக்கும் இருந்தது. நான் இருமினால்கூட எட்டாம் நம்பரில் இருந்து "ராமையா அண்ணே, வெறும் இருமலா?" என்று குரல் வரும்.

கசிப்புக்காரப் பிச்சமுத்துவிடம் போனேன். அவன் சட்டத்துக்கே பயப்படாதவன். என் கையைப் பார்த்துவிட்டு, "மச்சான், பொலிசு வந்தா ஓடிருவேன். ஆத்தா வந்தா எங்க ஓடுறது?" என்று போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அதன் பிறகு ஒரு சம்பள நாளில் துணிந்து தலவாக்கலைக்குப் பஸ் ஏறினேன். பழைய கோட்டு ஒன்றின் கை நீளமாக இருந்தது. காப்பை உள்ளே தள்ளிப் பொத்தானும் போட்டேன். தவறணையில் முதலாளி கிளாஸை நிறைத்து மேசையில் வைத்தார். கையை நீட்டினேன். நீட்டியதில் கோட்டுக் கை மேலே ஏறிவிட்டது. மஞ்சள் நூலைக் கண்டதும் முதலாளி இரண்டு கையாலும் கிளாஸை இழுத்துக்கொண்டார்.

"பே மல்லி, முடியாது, பே! அம்மா கோவம் வந்தா என்ட கடே முடிஞ்சது. தம்பி பிளேன்டீ குடிங்க."

சிங்களவர் என்றாலும் எங்கள் திருவிழாவுக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்தான். இஞ்சி போட்ட பிளேன்டீயைத் தவறணையில் உட்கார்ந்து குடித்த ஒரே தோட்டத்தான் நானாகத்தான் இருப்பேன். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லொறி டிரைவரும் அங்கே இருந்திருக்கிறார். நான் பஸ் பிடித்து லயத்துக்கு வந்தபோது பீலிக்கரையில் காத்தாயி அக்கா குடத்தை இறக்கிவிட்டு, "என்னா தம்பி, இஞ்சி காரமா இருந்துச்சா?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அவள் பெட்டியைத்தான் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இவள் உண்மையிலேயே போய்விடுவாள் என்று எனக்கு உறைத்தது.

காப்புக் கட்டிய ஏழாம் மாதம் மாமனாருக்குக் கப்பல் நாள் வந்தது. மன்னார் போகும் ரயிலுக்காக அவர்களை அட்டன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். மேடை முழுக்க ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும் சனம். ரயில் நகர்ந்தபோது செல்லம்மா மேடையிலேயே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். மாதக்கணக்கில் மடிந்து கிடந்த மடிப்பு சேலைகளில் கோடு கோடாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் பூசாரி தாமாகவே வந்து, தீட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லி என் காப்பை அவிழ்த்தார். வெறும் கையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நான் குடிக்கவில்லை. வெகுகாலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் தெரிந்தது. காப்புக் கட்டிய ஐந்தாம் மாதத்தில், பன்னிரண்டாம் நம்பரில் பிள்ளை பிறந்ததாகச் சொல்லிப் பூசாரி இன்னொரு பதினாறு நாள் தீட்டு வைத்திருந்தார்; அங்கே பிறந்தது ஆட்டுக்குட்டி. அதுவும் இரட்டை.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் பக்கத்துக் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு, நான் முன்னால் போய், பிறகு செல்லம்மாவையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்வது என்று பேசி, கடனும் உடனுமாக இங்கே கனடாவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. தங்க ஓர் அறை. அதற்குக் கதவு உண்டு, சுவர்கள் கூரைவரை முட்டி நிற்கின்றன. நான் இருமினால் யாரும் கேட்பதில்லை. முதல் மாதத்தில் அது சுதந்திரமாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம். இங்கே சாராயக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. வங்கி மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. காசாளர் பெண் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திப் பையைக் கொடுக்கிறாள். என் கையை அவள் பார்க்கவே இல்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் குடித்தேன். ஊருக்குக் காசெட்டில் குரல் பதிந்து அனுப்பும்போது மட்டும், நல்ல சுகம், நல்ல வேலை, பனி அழகாக இருக்கிறது என்று பேசுவேன். வெள்ளைத் துணியோடு சிவப்புத் துணியைப் போட்டு நாற்பது கட்டில் விரிப்புகளை நான் ரோஸ் நிறமாக்கிய அன்றைக்கு, மேற்பார்வைக்காரி ஒரு துண்டுக் காகிதத்தில் இந்தத் தேவாலயத்தின் முகவரியை எழுதித் தந்தாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றாள்.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்த பிறகு செல்லம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. செல்லம்மாவுக்கு அனுப்பும் காசெட்டைச் செல்லம்மா மட்டும் கேட்பதில்லை. லயத்துக்கு ஒரே ஒரு ரேடியோ காசெட். அது வாசலில் வைத்துத்தான் போடப்படும். எல்லாம் தெரிந்தே பேசினேன். குடித்தேன், பொய் சொன்னேன், இப்போது இப்படி ஓர் இடத்துக்குப் போகிறேன், நீ வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று சொல்லித் தபாலில் போட்டேன். பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று.

"அது எங்களுக்கு நாலு காசெட்டுக்கு முன்னாடியே தெரியும்," என்று ஆரம்பித்தாள் செல்லம்மா. "பனியப் பத்தி மூணு தடவ சொன்னீங்க. ஒரே காசெட்டுல. காத்தாயி அக்காதான் மொதல்ல கண்டுபிடிச்சிச்சு." பின்னால் காத்தாயி அக்கா, "நாக்கு தடிச்சிருந்திச்சு தம்பி" என்றார். எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் எல்லோரும் ஆளுக்கொரு அடையாளம் சொன்னார்கள். ஒரு மருத்துவமனைகூட இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்காது. கடைசியில் செல்லம்மாவின் குரல் தனியாக வந்தது. "அங்க ஒங்களச் சுத்தி யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கூட்டத்து ஆளுங்க பேரு, நட்சத்திரம் எல்லாம் அனுப்புங்க. ஆத்தா கோயில்ல அவங்க பேருக்கு அர்ச்சன பண்ணணும். அதுக்கப்புறம்தான் நான் பெட்டியக் கட்டுறதா வேணாமான்னு பாப்பேன்."

பெயர் வெளியே போகக் கூடாத இடத்தில் போய்ப் பெயர் கேட்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மார்கரெட் அதை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். இலங்கையில் ஒரு மலையில் இருக்கும் பெண் தெய்வத்திடம் பெயரைச் சொல்வது சட்டத்தை மீறுவதாகுமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. தெய்வத்துக்கு எப்படியும் தெரியும், அதனால் குற்றமில்லை என்றாள் லிண்டா. தெய்வம் சரி, பூசாரி யாரிடமும் சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டான் பீட்டர். கருப்பையா அண்ணனின் வாய்க்கு உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியவில்லை. "அங்கே எல்லோருக்கும் சொல்வார். அதுதான் அங்கே மருந்து" என்றேன். பிறகு டக், கடைத்தெருவில் என்னைக் கண்டு ஓடிய அதே டக், தன் பிறந்த தேதியைக் காகிதக் குவளையில் எழுதி நீட்டினான். பிறந்த நேரம் தெரியாது, மழை பெய்ததாம் என்று சொன்னான். மற்ற மூவரும் எழுதினார்கள்.

அடுத்த காசெட் போன வாரம் வந்தது. அதைக் கூட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். கோயில் மணி அடித்தது. காற்றின் இரைச்சல், சேவல், யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். பூசாரி வழக்கம்போல அந்தந்தக் குடும்பப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். காத்தாயி குடும்பம். பிச்சமுத்து குடும்பம். பிறகு, "செல்லம்மா, மக ஈஸ்வரி." என் பெயருக்காகக் காத்திருந்தேன். அவர் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "கனடாக்காரங்க பேருக்கு!" என்றார். "மார்கரெட்டு, சுவாதி. லிண்டா, பூசம். பீட்டரு, அவிட்டம். டக்கு, நேரம் தெரியல, அதனால என் நட்சத்திரம் மகத்தையே போட்டுக்கிறேன் தாயே. ராமையா, ரோகிணி."

தங்கள் பெயர்களைக் கேட்டு நால்வரும் கைதட்டினார்கள். மணி ஓய்ந்த பிறகும் காசெட் ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்வரியின் குரல் கேட்டது. பதினாலு வயதுக் குரல், எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"ஏம்மா, அப்பா பேர நம்மளோட சொல்லாம அவங்களோட சொன்னாங்க?"

"அங்கதானே இருக்காரு. இருக்கிற எடத்துலதான் பேரு சொல்லணும். நீ போயி அந்தப் பெட்டிய எறக்கித் தூசியத் தொடச்சு வையி."

காசெட் நின்றது. டக் என் முழங்கையைத் தொட்டு, "உன் பெயர் எங்களோடுதானே வந்தது?" என்று கேட்டான். முகமெல்லாம் சந்தோஷம். ஆமாம் என்றேன். அந்தச் சின்னக் குரல் யார், என்ன கேட்டது என்று மார்கரெட் விசாரித்தார். என் மகள், உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாள் என்றேன்.